மூன்றாவது வாஷர்

எல் ஆல்ட்டோவில் தண்ணீர்
எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்துவிடும்.
தேநீரில் சாயம் சரியாக இறங்காது.
அதைப் பற்றி இங்கே யாரும் குறை சொல்வதில்லை.
பிரேக் பற்றித்தான் சொல்வார்கள்.

மர்லேனி தார்கி இருட்டும் நேரத்தில் வந்தாள்.
பின் சீட்டில் ஐஸ் பெட்டி,
அதற்குள் எண்ணூறு கோழிகளுக்கான தடுப்பு மருந்து.
விடிவதற்குள் கணவாயைத் தாண்டி
யுங்காஸ் பக்கம் இறங்கியாக வேண்டும்.
மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம்.
முன் காலிபர் அழுகிறது என்றாள்.
கசிகிறது என்று திருத்தினேன்.

"வாஷர்தானே யோவானா,
ஏதாவது ஒன்றைப் போடு."

ஏதாவது ஒன்று
என்னிடம் ஒரு பால்மாவு டப்பா நிறைய இருக்கிறது.
எஞ்சின் ஆயில் திருகினுடையது:
துளை பெரிது, நடுவில் நிற்காமல்
குடித்தவனைப் போல ஒரு பக்கம் சாயும்.
தண்ணீர்க் குழாயின் ரப்பர்:
இந்த எண்ணெய் பட்டால் ஊதிப் பிசினாகிவிடும்.
இரும்பு யாருக்கும் வளைந்து கொடுக்காது.
வளைந்து கொடுக்காதது எதையும் அடைக்காது.
ஒருமுறை நசுங்கிய செம்பும் உண்டு.
சிவக்கக் காய்ச்சினால் திரும்ப இளகிவிடும் என்பார்கள்.
இளகும்.
என் வண்டிக்கு அப்படிச் செய்திருக்கிறேன்.
இறக்கத்தில் போகிறவளுக்குச் செய்ய மாட்டேன்.

குரோவர் கடையின் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டிருந்தான்.
குனிந்து நுழைந்தேன்.
அலுமினியம், துளை பத்து மில்லிமீட்டர், கனம் ஒன்றரை.
ஒவ்வொன்றையும் வெர்னியரில் வைத்துப் பார்த்தேன்.
"கல்யாண மோதிரமா வாங்குகிறாய்?" என்றான்.
ஆறு வாங்கினேன்.

குழாயின் கண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.
போல்ட்டை இறுக்கினேன்,
டார்க் ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும்வரை,
அதற்குமேல் ஒரு நூல் இல்லை.
காற்றுக் குமிழிகள் போனதும்
லீவரை இழுத்து
சைக்கிள் டியூப் துண்டால் கைப்பிடியோடு கட்டினேன்.
காலிபருக்குக் கீழே செய்தித்தாள் விரித்தேன்.
மர்லேனி டயர் அடுக்கில் சாய்ந்து,
ஐஸ் பெட்டிமேல் கால் போட்டுத் தூங்கினாள்.

இரண்டு மணிக்கு
விளையாட்டுப் பக்கத்தில்
கோல்கீப்பரின் கையுறைமேல் ஒரு பொட்டு.
விரலால் தொட்டேன்.
வழவழத்தது.

கழற்றினேன். இரண்டு புதியவை, மறுபடி இறுக்கம்.
மூன்று மணிக்கு இன்னொரு பொட்டு.
குரோவரைத் திட்டினேன்.
வெர்னியரைத் திட்டினேன்.
அலுமினியம் வெட்டியெடுக்கும் சுரங்கங்களை எல்லாம் திட்டினேன்.
பிறகு, திட்ட ஆள் இல்லாமல்,
காலிபரின் முகத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

நகம் தட்டியது.

எந்த ஆண்டோ, எந்தக் கையோ
கழற்ற மறந்த ஒரு வாஷர்.
காலிபரின் அதே நிறம், அதே அழுக்கு.
நசுங்கி நசுங்கி
அதுதான் காலிபர் என்று
எல்லோரையும் நம்பவைத்திருந்தது.
ஆறையும் அளந்த நான்
அவை உட்காரும் இடத்தைத்
துடைத்தேனே தவிர பார்க்கவில்லை.

பிளேடு நுனியால் நெம்பினேன்.
கீழே பளிச்சென்று வட்டமான முகம்.
அதில் கீறல் இல்லை என்பதை
டார்ச் அடித்து, கண்ணாடி மாட்டி,
கடைசியில் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.
கடைசி இரண்டு வாஷர்கள்.
டக்.

ஐந்து மணிக்கு
கோல்கீப்பரின் மற்றக் கையுறை காய்ந்தே இருந்தது.

மர்லேனி எழுந்து, லீவரை இரண்டு விரலால் அழுத்தி,
கல்லைப்போல இருக்கிறது என்றாள்.
எவ்வளவு என்று கேட்டாள்.
பில்லில் 'வாஷர், இரண்டு' என்று எழுதினேன்.
வீணாய்ப் போன நான்கும் என் கணக்கு.
எடுத்துப் போட்ட மூன்றாவதற்கு
என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனாவைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் அவள் ஹெல்மெட் மாட்டிவிட்டாள்.

பத்தரைக்குப் போனில் ஒரு படம் வந்தது.
ஒரு கோழி. மிகக் கோபமாக.